கணினி நோயும் அவசர சிகிச்சையும்

நோயினால் விளையும் தீங்கு சிறிதாயிருக்க, அதற்கு இடும் மருந்தினால் விளையும் தீங்கு பெரிதாய் முடிதல் உலகில் அரிய காரியமன்று. மாணவர்தம் மேசைமேல் இருக்கும் கணினிக்கும் அத்தகையதொரு நோய் உண்டு. அந்நோயைப் பற்றியும், அதற்கு நம்மவர் வழக்கமாய்ச் செய்துவரும் சிகிச்சையைப் பற்றியும் எமது அபிப்பிராயத்தை இக்கலாசாலைச் சஞ்சிகையின் வாயிலாக வெளியிட விரும்புகின்றோம். பொருள் அற்பமென்று எண்ணி அன்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிச் செல்லாதிருப்பாராக. ஈராண்டு உழைப்பு ஒரு மணி நேரத்திற் பாழாகும் விஷயத்தை அற்பமென்று கொள்ளுதல் தகாது.

நோயின் குறிகள் இவை. யாதேனும் ஒரு கோப்பினைத் தேடி ஒரு ஃபோல்டரைத் திறக்கின்றோம். திறந்த ஜன்னல் வெளுத்து அசைவற்று நிற்கின்றது, பின்பு மறைகின்றது. அதனோடு திரையின்மேல் இருந்த சின்னங்கள் யாவும் மறைகின்றன. அடியில் நீண்டு கிடந்த டாஸ்க்பாரும் மறைகின்றது. இரண்டொரு விநாடி கழித்து எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய்த் திரும்பி வருகின்றன. மீண்டும் அந்த ஃபோல்டரைத் திறந்தால் மீண்டும் அதே கூத்து. இங்ஙனம் பத்து முறை நிகழ்ந்தபின், கணினிக்கு உடையவர் மனம் சலித்து அதனைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குச் செல்கின்றார். அங்கே அவர் செவியில் விழுவது பெரும்பாலும் ஒரே வார்த்தை: ‘ஃபார்மட் பண்ணிவிடலாம்’ என்பது. அவ்வார்த்தை கடைசியாய்ச் சொல்லத்தக்கதேயன்றி முதலிற் சொல்லத்தக்கதன்று என்பதே யாம் ஈண்டு நிறுவப் புகுந்த கருத்து.

முதலில், விழுந்து விழுந்து எழுவது யாது என்பதை அறிதல் வேண்டும். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 3.0 என்னும் அமைப்பில், கோப்புகளைக் காட்டும் பணியை ஃபைல் மானேஜர் என்னும் நிரலும், நிரல்களைத் திறந்துவிடும் பணியைப் புரோகிராம் மானேஜர் என்னும் வேறொரு நிரலும் செய்துவந்தன. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் வெளியான விண்டோஸ் 95 முதலாக எக்ஸ்ப்ளோரர் என்னும் ஒரே நிரல் கோப்புகளைக் காட்டுவதும், திரைமேற் சின்னங்களை வைப்பதும், டாஸ்க்பாரைத் தாங்குவதும் ஆகிய பணிகளை மேற்கொண்டது. இன்றளவும் அவ்வேற்பாடே பெரும்பாலும் நிலவுகின்றது. ஆகவேதான், ஃபோல்டரைத் திறந்ததனால் எக்ஸ்ப்ளோரர் விழுங்கால் அதனோடு தொடர்பில்லாதனவாய்த் தோன்றும் சின்னங்களும் உடன் மறைகின்றன. விழுந்ததை விண்டோஸ் தானே மீண்டும் எழுப்புமாறு அமைக்கப்பட்டிருத்தலின், மறைந்தவை திரும்பி வருகின்றன. பார்ப்பவர் கண்ணுக்குக் கணினி முழுவதும் சாகும் தறுவாயில் உள்ளதுபோல் தோன்றுமாயினும், உண்மையில் விழுவது ஒரு நிரலே.

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். தாலுகா ஆபீசில் உள்ள பதிவறையை எண்ணிப் பார்க்க. அலமாரிகளில் அடங்கல்களும் பட்டாக்களும் கட்டுக் கட்டாய் அடுக்கப்பட்டுள்ளன. வேண்டுவார்க்கு அவற்றை எடுத்துக் காட்டுவார் ஒரு குமாஸ்தா. ஒருநாள் அவர் மயங்கி வீழ்ந்தார் என்று கொள்வோம். அவர் வீழ்ந்ததனால் அலமாரியிலுள்ள பத்திரங்களில் ஓர் எழுத்தேனும் அழிந்ததாகுமோ? ஆகாது. எடுத்துக் காட்டுவார்தாம் இல்லை; காட்டப்படும் பொருள் இருந்தவாறே இருக்கின்றது. எக்ஸ்ப்ளோரர் அக்குமாஸ்தா, நம் கோப்புகள் அப்பத்திரங்கள். குமாஸ்தா மயங்கினார் என்பதற்காகப் பதிவறைக்கே தீ வைப்பவர் உண்டோ? பிரதி எடாமல் ஃபார்மட் செய்பவர் செய்வது அதுவேயாகும்.

இனி, குமாஸ்தா மயங்குவது எதனால்? காரணங்கள் பல. அவற்றுள் முதலிற் கருதத்தக்கது, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளாற் பிறப்பதாகும். கோப்புகளைச் சுருக்கும் நிரல், வைரஸைத் தடுக்கும் நிரல், இணையத்திற் கோப்பைச் சேமிக்கும் நிரல் என்று நாம் ஒவ்வொன்றாய்க் கணினியில் ஏற்றுங்கால், அவற்றுட் பல, சுட்டெலியின் வலப்பொத்தானை அழுத்தினால் விரியும் பட்டியலில் தத்தமக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்கின்றன. ஷெல் எக்ஸ்டென்ஷன் எனப்படும் இச்சிறு துண்டுகளிற் பல எக்ஸ்ப்ளோரரின் வயிற்றுக்குள்ளேயே இருந்து வேலை செய்வன. அவற்றுள் ஒன்று இடறினால் எக்ஸ்ப்ளோரரும் உடன் இடறி விழும். இரண்டாவது, பழுதுற்ற வீடியோவோ படமோ ஒரு ஃபோல்டரில் இருக்க, அதன் சிறுபடத்தை வரைய முயல்கையில் விழுதல். மூன்றாவது, எக்ஸ்ப்ளோரர் தன் நினைவுக்காக எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகள் கெட்டுப் போதல். நான்காவது, விண்டோஸுக்கே உரிய கோப்புகள் சிதைதல். ஐந்தாவது, நினைவகமோ ஹார்டு டிஸ்க்கோ தேய்ந்து பழுதாதல். இவ்வைந்தனுள் மாணவர்தம் கோப்புகளுக்கு நேரே அபாயம் விளைப்பது ஐந்தாவது ஒன்றே. ஆனால் கடைவீதியில் ஐந்தற்கும் ஒரே மருந்து வழங்கப்படுகின்றது.

மருந்து கொடுப்பாரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. ஒரு மணி நேரத்தில் கணினி திரும்ப வேண்டும், கூலியும் குறைவாயிருத்தல் வேண்டும் என்று கேட்பவர் நாமே. காரணத்தை ஆராய்ந்து கண்டவர்க்கு ஆராய்ச்சிக்கென்று நாம் கூலி கொடுப்பதில்லை. அழித்துப் புதிதாய் ஏற்றியவர்க்கோ மகிழ்ந்து கொடுக்கின்றோம். கேட்பவர் கேட்கும் சரக்கே கடையில் விற்கப்படும். ஆதலால் வழக்கம் திருந்த வேண்டுமாயின் கேட்பவர் அறிவு முதலில் திருந்த வேண்டும்.

இதனால் நேரும் இழப்பு எத்தன்மையது என்பதனைச் சிந்திப்போம். நம் புதுக்கோட்டை மாவட்டம் பழம்பொருள் மலிந்த பூமி. குடுமியான்மலையில், சுமார் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென அறிஞர் கூறும் இசைக் கல்வெட்டு, பாறையிற் பொறித்தபடி இன்றும் நிற்கின்றது. இம்மாவட்டத்துக் கல்வெட்டுகளின் வாசகங்களைப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் 1929ஆம் ஆண்டில் நூலாக அச்சிட்டனர். அதனால் கல்லில் இருந்தது காகிதத்திலும் ஏறிப் பல ஊர்ப் புத்தகசாலைகளிற் பரவியது. கல் ஒன்று உடைந்தாலும் வாசகம் பிழைத்திருக்கும். இத்தகைய ஊரிற் பிறந்த ஒரு மாணவி, தன் ஆய்வேட்டின் பொருட்டு, ஊர் ஊராய்ச் சென்று கோயிற் சுவர்களைப் படம் பிடிக்கின்றாள். முதியோர் சொல்லும் கதைகளைப் பதிவு செய்கின்றாள். எல்லாவற்றையும் ஒரே மடிக்கணினியில் ஒரே ஃபோல்டரில் இட்டு வைக்கின்றாள் என்று கொள்வோம். கதை சொன்ன முதியோர் அடுத்த ஆண்டு இருப்பரோ இரார் என்பதை யார் அறிவார்? ஏதோவொரு பழுதுற்ற வீடியோவினால் அந்த ஃபோல்டர் திறக்கவில்லை என்ற சிறு காரணத்திற்காக முழுவதும் துடைக்கப்படுமாயின், நஷ்டம் அம்மாணவிக்கு மட்டுமன்று, ஊருக்குமாம். கல்லிற் பொறித்தது சற்றேறக்குறைய 1,300 ஆண்டு நின்றது. கணினியில் இட்டது ஒரு பிற்பகல் நில்லாது போயிற்று என்று சொல்லும்படி ஆகலாமோ?

ஃபார்மட் செய்த பின்பும் கோப்புகளை மீட்கலாம் என்பார் சிலர். பழைய சுழல்தட்டு ஹார்டு டிஸ்க்கில் விரைவாய்ச் செய்யும் ஃபார்மட், கோப்பினை உடனே துடையாமல் அட்டவணையை மட்டும் புதிதாக்குதலின், அது ஓரளவு உண்மையே. ஆயினும் அதன்மேல் விண்டோஸைப் புதிதாய் ஏற்றுங்கால் பழைய எழுத்தின்மேற் புதிய எழுத்து விழுந்துவிடும். இக்காலத்து எஸ்.எஸ்.டி. வகையிலோ, வேண்டாவென்று விடப்பட்ட இடங்களைக் கருவியே துடைத்து வைக்கும் ஏற்பாடு உண்டாதலால், மீட்கும் வாய்ப்பு மிகவும் அரிது. பின்னர் மீட்கலாம் என்னும் நம்பிக்கையை அஸ்திவாரமாகக் கொண்டு முன்னர் அழித்தல் புத்திசாலித்தனமன்று.

நிற்க. ஃபார்மட் வேண்டாமெனின் வேறு யாது செய்வது என்று அன்பர்கள் வினவலாம். செய்யத்தக்க முறையைச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண் பிரதி எடுத்தல் வேண்டும். எக்ஸ்ப்ளோரர் விழுந்து கிடக்கும்போதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். அதிலுள்ள ‘ரன் நியூ டாஸ்க்’ என்பதன் வழியே கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்னும் கட்டளையினால், எக்ஸ்ப்ளோரரின் உதவியின்றியே கோப்புகளைப் பென் டிரைவிற்கு மாற்றலாம். அன்றி, பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியைத் தொடங்கி, கோப்புகளைக் காணவும் பிரதி எடுக்கவும் இயலும்; டிஸ்க் சங்கேதப் பூட்டு இடப்பட்டதாயின் அதற்குரிய மீட்புத் திறவெண் மட்டும் கையில் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டு அரசினர் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிற்கு வரலாம். ஒருபுறம் காட்ட மாட்டாத கோப்பு மறுபுறம் செவ்வனே தோன்றுதலைக் கண்டவர், கோப்பு வேறு, அதனைக் காட்டும் நிரல் வேறு என்னும் உண்மையை உள்ளங்கை நெல்லிக்கனியென உணர்வர்.

இரண்டாவதாக, கணினி எழுதி வைத்துள்ள குறிப்பை வாசித்தல் வேண்டும். நிரல் ஒன்று விழுந்தபோதெல்லாம் விண்டோஸ் அதனைத் தன் நாட்குறிப்பிற் பதிவு செய்கின்றது. ஈவன்ட் வியூவர் என்னும் கருவியில் ‘அப்ளிகேஷன்’ என்னும் பகுதியைத் திறந்தால், 1000 என்னும் எண்ணிட்ட பிழைக்குறிப்பில், விழுந்த நிரலின் பெயரும் அது விழுந்தபோது இடறிய பாகத்தின் பெயரும் காணப்படும். அப்பாகம் விண்டோஸுக்கு உரியதன்றி வேறொரு நிறுவனத்தாரின் நிரலுக்கு உரியதாயின், விருந்தாளியின்மேல் ஐயங்கொள்ள இடமுண்டு. ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்னும் பக்கமோ, எந்த நாளில் எந்த நிரல் ஏற்றப்பட்டது, எந்த நாள் முதல் வீழ்ச்சி தொடங்கியது என்பதனை நாள்வரிசையிற் காட்டும். இரண்டு நாளும் ஒன்றாயிருப்பின் அந்நிரலையே முதலிற் சோதித்தல் முறை.

மூன்றாவதாக, பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஒரே ஃபோல்டரில் மட்டும் நோய் தோன்றுமாயின் அதிலுள்ள கோப்புகளே ஐயத்திற்குரியன; சிறுபடங்களைக் காட்டாமற் சின்னங்களை மட்டும் காட்டுமாறு அமைத்துப் பார்க்க. எல்லா ஃபோல்டரிலும் தோன்றுமாயின், புதிய பயனர் கணக்கு ஒன்று உண்டாக்கி அதில் நுழைந்து பார்க்க. அங்கே நோய் இல்லையெனின் குற்றம் விண்டோஸில் அன்று, பழைய கணக்கின் அமைப்புகளிலேயே என்று துணியலாம். எக்ஸ்ப்ளோரரின் பழைய குறிப்புகளையும் சிறுபடச் சேமிப்பையும் துடைத்தலே சிலபோது போதுமானதாகும்.

ஷெல் எக்ஸ்டென்ஷன்களுள் எது குற்றவாளி என்று அறிதற்கு நம் குடியானவர் முறையே தக்கது. கவிநாட்டுக் கண்மாய் முதலாக எண்ணிறந்த கண்மாய்களால் வாழ்வது நம் மாவட்டம். கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்று கண்மாய்க் கரையை வெட்டச் சொல்லும் குடியானவர் ஒருவரும் இலர். வாய்க்காலின் நடுவிற் சென்று நின்று பார்ப்பர். அங்கே நீர் ஓடுமாயின் மேற்பாதியிற் குற்றமில்லை. அடைப்பு கீழ்ப்பாதியில் உள்ளது. பின்பு அக்கீழ்ப்பாதியின் நடுவைப் பார்ப்பர். இங்ஙனமே, ஷெல்எக்ஸ்வியூ போன்ற இலவசக் கருவியினால் வெளியார் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலைப் பெற்று, அவற்றுட் பாதியை நிறுத்தி வைத்து, எக்ஸ்ப்ளோரரை மீளத் தொடங்கிச் சோதிக்க வேண்டும். நோய் நின்றால் குற்றவாளி நிறுத்தப்பட்ட பாதியில் உள்ளது. நில்லாதாயின் மற்றப் பாதியில் உள்ளது. குற்றவாளி ஒன்றேயாயின், 16 எக்ஸ்டென்ஷன்கள் இருப்பினும் 4 சோதனையில் அது அகப்படும். 32 இருப்பினும் 5 சோதனையே வேண்டும். அகப்பட்டதனைப் புதுப்பிக்கலாம், அல்லது நீக்கலாம்.

இவ்வளவும் பயன்படாதபோது, விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்துச் சீர்செய்யும் எஸ்.எஃப்.சி., டிஸ்ம் என்னும் கட்டளைகள் உள்ளன. அவையும் பயனற்றுழி, கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொண்டே விண்டோஸை அதன்மேல் மீள ஏற்றும் வழியும் உண்டு. நினைவகத்தைச் சோதிக்கும் கருவியும் விண்டோஸிலேயே இருக்கின்றது. ஹார்டு டிஸ்க் தேய்ந்துவிட்டது என்பதற்குக் குறி தோன்றுமாயின் எந்தச் சீர்திருத்தமும் செய்ய முயலாது, எஞ்சியவற்றை உடனே பிரதி எடுத்துப் புது டிஸ்க் பொருத்துதலே தக்கது.

ஃபார்மட் என்பது எக்காலத்தும் கூடாதென்பது எமது கொள்கையன்று. கொடிய வைரஸ் வேரோடிய கணினிக்கும், மேற்சொன்ன வழிகள் யாவும் பயனற்றுப்போன கணினிக்கும், வேறொருவர்க்குக் கொடுக்கப் போகும் கணினிக்கும் அதுவே ஏற்ற மருந்தாகலாம். அறுவை சிகிச்சை வேண்டுவார்க்கு வேண்டியதே. தலைவலி என்று வந்தாரையெல்லாம் மேசைமேற் கிடத்துதல்தான் வேண்டாததாகும். மேலும், காரணம் அறியாமல் ஃபார்மட் செய்யப்பட்ட கணினியில் அதே நிரலை மீண்டும் ஏற்றினால் அதே நோய் மீண்டும் வரும். நினைவகம் பழுதாயிருப்பின் ஃபார்மட் நூறு முறை செய்தும் பயனில்லை. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியவர், புது வீட்டிற்கும் அதே கட்டிலைத் தூக்கிச் சென்ற கதையாய் முடியும்.

‘இஃதெல்லாம் கணினி படித்தவர் வேலை; வரலாறும் தமிழும் விலங்கியலும் படிக்கும் எமக்கு எதற்கு?’ என்பது மாணவர் சிலரது ஆட்சேபம். இதற்கு விடை நம் மாவட்டத்து வரலாற்றிலேயே உள்ளது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே நடைபெற்றபோது, எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் நம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கிற் கற்றனர். சைக்கிள் ஆண்களுக்குரியது என்னும் எண்ணம் அவ்வளவில் உடைந்தது. தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் வைத்து அவர்கள் தாமே ஓட்டிச் சென்றனர். ஒருவர் கற்றதும் மற்றொருவர்க்குக் கற்பித்தனர். கருவி எவர் கையில் இருக்கின்றதோ அவரே அதன் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வியக்கம் நமக்குக் காட்டிய பாடம். செயின் கழன்றதற்காகச் சைக்கிளையே எறிந்துவிட்டு வேறு சைக்கிள் வாங்குவார் உண்டோ? பட்டப்படிப்பு மாணவர் தம் கணினியின் நாட்குறிப்பை வாசிக்கக் கற்றல் அதனினும் அரிதன்று.

வேறு சிலர், ‘ஆராய நேரமில்லை’ என்பர். ஃபார்மட் ஆனபின் நிரல்களை ஏற்றவும், தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை முறையையும் அமைக்கவும், கடவுச்சொற்களைத் தேடவும் கழியும் நாட்களை அவர் கணக்கிற் சேர்ப்பதில்லை. நான்கைந்து சோதனைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இனி, நம் கலாசாலையில் இதன்பொருட்டுச் செய்யத்தக்கன என எமக்குத் தோன்றுவன சில. கணினிக்கூடத்தில் ஒரு தடித்த நோட்டுப்புத்தகம் வைக்கப்படுக. ஒவ்வொரு கணினியின் நோயும், தோன்றிய நாளும், கண்ட காரணமும், தீர்ந்த விதமும் அதில் எழுதப்படுக. இரண்டு ஆண்டுகளில் அதுவே பிற மாணவர்க்குச் சிறந்த வைத்திய நூலாகும். ஆய்வேடு எழுதுவோர் மாதந்தோறும் தம் கோப்புகளின் பிரதியொன்றைத் துறையிலோ புத்தகசாலையிலோ ஒப்படைக்க ஏற்பாடு செய்க. மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்னும் விதியை அறிந்தோர் பலரும் ஒப்புக்கொண்டுள்ளனர். விடுதியில் மூத்த மாணவர் வாரத்திற்கு இரண்டு மணி நேரம் இளையோர்க்கு இவ்வுதவி புரிக. கணினித்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் ஆண்டுக்கொரு முறை வந்து, பிழைக்குறிப்பை வாசிக்கும் விதத்தைக் கற்பித்துச் செல்க. பழுது பார்ப்பாரிடம் செல்ல நேருங்கால், ‘பிரதி எடுத்தீரா? காரணம் யாது?’ என்னும் இரண்டு வினாக்களைக் கேளாது கணினியை ஒப்படைத்தல் ஆகாது. காரணம் கண்டு சொல்வார்க்கு அதற்குரிய கூலியை மனமுவந்து அளிக்கவும் வேண்டும்.

இவ்விஷயத்தில் அவசரம் இப்பொழுது அதிகம். விண்டோஸ் 10 அமைப்பிற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் வழக்கமாய் அளித்துவந்த இலவசப் பாதுகாப்பு உதவி 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பழைய மடிக்கணினிகளிற் பல புதிய அமைப்பிற்கு மாறவோ, லினக்ஸிற்கு மாறவோ, கைமாறவோ போகின்றன. துடைக்கும் கை வழக்கத்தினும் மும்முரமாய் வேலை செய்யும் காலம் இது. எத்தனை வீட்டின் புகைப்படங்களும், எத்தனை மாணவர்தம் குறிப்புகளும் அக்கையின் கீழ் இருக்கின்றன என்பதை எண்ணுங்கால், இதனை ஒத்திவைத்தல் தகாதென்று தோன்றுகின்றது.

முதலிற் பிரதி, பின்னர் ஆராய்ச்சி, ஈற்றிலேயே ஃபார்மட். இம்மூன்றையும் இவ்வரிசையிலேயே கொள்ளுதல் வேண்டும். வரிசையை மாற்றுவோர் இழப்பது கணினியை அன்று. கணினியை எவ்வளவு பணங் கொடுத்தும் மறுபடி வாங்கலாம். அதனுள் இருந்ததைத்தான் எக்கடையிலும் வாங்குதல் இயலாது.